வேரைக் கண்டவன் கத்த வேண்டும்

சேம்கோல்
1972 அக்டோபர் 22

தம்பி தால்சு,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினாய். மலையில் இலையெல்லாம் உதிர்ந்து முடிந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுரங்கத்துக்குள் தபால்பெட்டி இருக்காது என்று எனக்கும் தெரியும். வெளியே வரும்போதாவது ஒன்று கண்ணில் படாதா? உங்களோடு மலையேறும் யோங்பேயின் அண்ணன் மகன் அங்கே வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனிடம் கேட்டு உன் விலாசத்தை வாங்கினேன். கூடப்பிறந்தவளுக்கு இது நல்லாவா இருக்கிறது?

உன் மனைவி எப்படி இருக்கிறாள்? கிளம்பும் அன்று சுனிம் யார் கையையும் பிடிக்காமல் பஸ் படி ஏறினாளே. ஆகஸ்டில் அவள் பிழைப்பாள் என்றே நாம் நினைக்கவில்லையே. பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் நிற்காமல், உதடு வெளுத்து, கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள். எப்படியோ எழுந்துவிட்டாள். பால்தான் ஒரேயடியாக வற்றிவிட்டது. மருத்துவச்சி தலையைச் சொறிந்துகொண்டு, "ஜின்செங் தின்னவளுக்குத்தான் இப்படிப் பட்டுன்னு வத்தும், இவளுக்கு ஏன் வத்துச்சு?" என்று கேட்டாள். "திங்க ஜின்செங் இருந்தா நாங்க ஏன் இந்த லட்சணத்துல இருக்கோம்" என்றேன். குழந்தை மிரான் அரிசிக்கஞ்சி குடித்துத் தேறிவிட்டாளா?

உன் மச்சான் அப்படியேதான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ என்பது போல. காலையில் சுவரில் சாய்த்து உட்கார வைக்கிறேன், சாயங்காலம் படுக்க வைக்கிறேன். இன்ஜேயிலிருந்து வைத்தியர் வந்து ஊசி குத்திப் பார்த்தார். பிறகு ஊசிகளைத் துடைத்து வைத்துக்கொண்டார். அவர் பாறையிலிருந்து விழுந்த அன்றைக்கு நீ அந்தச் செங்குத்தில் அவரை முதுகில் சுமந்து இறக்கிக் கொண்டுவராவிட்டால் இதுவும் இருந்திருக்காது. ஊரில் உன் பேரைச் சொல்லாத ஆள் இல்லை, தம்பி.

என் பேரையும் சொல்கிறார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆண்கள் காட்டு ஜின்செங் வேர் தேடி மலையில் இருக்கும்போது வீட்டில் ரத்தம் சிந்தக் கூடாது, மீன் வாடை கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் கோழி அறுத்தேன், தால்சு. நீங்கள் மலையேறிய மறுநாள் காலை சுனிம் கை ஜில்லென்று கிடந்தது. போய்விடுவாளோ என்று பயந்து, அந்தப் பழுப்புக் கோழியைப் பிடித்து அறுத்து, இலந்தையும் பூண்டும் போட்டுக் கஞ்சி வைத்தேன். இறகை ஓடையில் விட்டேன். அதே நாள் மத்தியானம் நீ அவரைச் சுமந்துகொண்டு வந்தாய்.

ஓடையின் கீழ்ப்பக்கம் யோங்பேயின் மனைவி துணி அடித்துக்கொண்டிருந்தாளாம். இறகு அவள் பக்கம் மிதந்து போயிருக்கிறது.

எழுது.
ஓக்சிம்


ஹ்வாங்ஜி சுரங்கக் குடியிருப்பு
நவம்பர் 9

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். எழுதிப் பழக்கம் இல்லை, வேறு ஒன்றும் இல்லை.

சுனிம் நன்றாக இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது, மச்சான் அங்கே அப்படி இருக்கையில். மிரான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே கருப்பு. துவைத்துக் காயப்போட்ட துணி காய்வதற்குள் மறுபடி கருத்துவிடும். சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் பன்றிக்கறியைச் சுட்டுத் தின்கிறார்கள், நெஞ்சில் படிந்த தூசியை அது கழுவிவிடுமாம். எனக்கு இறங்கவில்லை.

இங்கேயும் சடங்குகள் உண்டு. உள்ளே விசில் அடிக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவன் முன்னால் பெண்கள் குறுக்கே வரக் கூடாது. எல்லாம் நம் ஊர் போலத்தான். உள்ளே இரும்புக் குழாயில் தட்டித்தான் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்கிறார்கள். நான் இன்னும் அதற்குப் பழகவில்லை. யாராவது தட்டினால் பதிலுக்குத் தட்ட எனக்குக் கை வருவதில்லை. மேஸ்திரி திட்டுகிறார்.

அக்கா, கோழிக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்? பாறை ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது. நீ அறுத்த கோழியால் எந்த மலையும் கோபித்துக்கொண்டிருக்காது. இதை மட்டும் நம்பு. யோங்பேயின் மனைவி வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது தெரிந்த விஷயம்தானே.

என்னை ஊரில் புகழ்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லு.

தால்சு


சேம்கோல்
டிசம்பர் 3

தம்பி,

"வேண்டாம் என்று சொல்லு" என்கிறாய். யாரிடம் போய்ச் சொல்லுவேன்? என்னோடு பேசுகிறவர்கள் இருந்தால்தானே. நான் கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய் போட இந்த வருஷம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தனியாகவே உப்பிட்டு, தனியாகவே மசாலா தடவி, தனியாகவே ஜாடியைப் புதைத்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் வாயையும் அடுத்த வீட்டு மிளகாயையும் திட்டித் தீர்க்காமல் போட்ட ஊறுகாய் ருசிக்குமா?

ஊரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன் மச்சானுக்கும் தெரிந்துவிட்டது. யோங்பே பார்க்க வந்தவன் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் அடுக்களைக்குப் போன பிறகு தானே எட்டி எடுத்துக் கொஞ்சம் தின்கிறார். திட்டினால்கூடத் தாங்குவேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை. உனக்குத் தெரியும், எப்போதும் என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிற மனிதர் அவர். நான் வைத்த குழம்பைக் குடித்துவிட்டு, "உப்பு வியாபாரி வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு மறந்தே போச்சு" என்பாரே.

தினமும் விடியும்போது ஓடையில் பனியை உடைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். மலை என்ன நினைக்கிறதோ, எனக்கு ஜலதோஷம்தான் பிடித்திருக்கிறது.

தால்சு, உனக்கு நினைவிருக்கிறதா, சின்ன வயசில் முற்றத்தில் முள்ளங்கியைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு "சிம்பத்தா" என்று கத்துவாய். வேரைக் கண்டவன் மூன்று முறை அப்படிக் கத்தினால் மற்றவர்கள் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும், அவன் தோண்டி முடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது என்று என்னை உட்கார வைப்பாய். மழைநாளில் சேற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் அடி வாங்கியது நான்.

அந்த நாளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். எங்கேயாவது ஓர் இடத்தில் அது திரும்பியிருக்கக் கூடாதா என்று. யோங்பே சொன்னான், காலையிலிருந்து ஒருவனுக்கும் ஒன்றும் அகப்படவில்லை, உன் மச்சான் தடியால் மரத்தில் தட்டிக் கேட்டார், கீழே உன் பக்கத்திலிருந்து "ஒன்றும் இல்லை, மேலே போகலாம்" என்று பதில் தட்டு வந்தது, அதனால்தான் அந்தப் பாறைப் பக்கம் ஏறினார் என்று. அவருக்குக் கீழே பக்கத்தில் இருந்தது நீதானே. நீ ஒருவன்தான் எனக்கு முழுதாகச் சொல்ல முடியும். என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், எல்லாவற்றையும் எழுது.

ஓக்சிம்


ஹ்வாங்ஜி
1973 ஜனவரி 6

அக்கா,

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. நல்ல ஆறு வருஷத்து ஜின்செங், கும்சான் தோட்டத்தில் விளைந்தது, வேகவைத்துக் காயவைத்தது. தலைப்பக்கக் கணுவைக் கிள்ளிப் போட்டுவிடு, அது குமட்டும். இரும்புப் பாத்திரம் வேண்டாம், மண்சட்டியில் சிறு தீயில் வை. மச்சானுக்குக் கொடு. நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு மூடுபனி அதிகம். எனக்குச் சரியாக நினைவில்லை.

பனியில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை நிறுத்து. மன்றாடிக் கேட்கிறேன்.

தால்சு


சேம்கோல்
பிப்ரவரி 11

தம்பி,

உன் பொட்டலம் வந்தது. வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, நல்ல சரக்கு என்றார். "ஆனா அவருக்குக் குடுக்காதே. படுத்துப் படுத்து உடம்புல புண்ணு, உள்ளே சூடு ஏறிக் கிடக்கு. இந்தச் சமயத்துல ஜின்செங் குடுத்தா எரியிற அடுப்புல எண்ணெய ஊத்தின மாதிரி. இது குளுந்துபோன உடம்புக்கு. ரத்தம் போயி, மூச்சு அடங்கிக் கிடக்கிறவங்களுக்கு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சுனிம் ஞாபகம்தான் வந்தது. ஆகஸ்டில் இது நம்மிடம் இருந்திருந்தால் கோழியைத் தொட்டிருக்க மாட்டேனே. பொட்டலத்தை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் தலையில் இடிக்கிறது.

புத்தாண்டுக்கு ஹோங்சொனிலிருந்து உன் மச்சானின் அக்கா வந்திருந்தாள். நான் வைத்த அரிசிமாவு சூப்பைத் தொடவில்லை. கையோடு கொண்டுவந்த வடையைத் தம்பிக்கு ஊட்டிவிட்டாள், அவரும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பிறகு என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "ஏப்ரல்ல மலைப் பூசை முடிஞ்சதும் இவனக் கூட்டிட்டுப் போறேன். தீட்டுப் பண்ணினவ வீட்டுல என் தம்பி கிடக்க வேணாம். நீ இங்கயே இருந்துக்க." அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசைக்கு நான் வரக் கூடாது என்றும் முடிவாகிவிட்டது. அன்றைக்கு ஊரிலேயே இருக்கக் கூடாதாம். நான் இருந்தால் இந்த வருஷம் யாருக்கும் வேர் கிடைக்காதாம்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, தால்சு. அந்தக் கோழியை நான்தான் அறுத்தேன். அது என்னைப் பார்த்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனால் போகட்டும். எனக்கு இது தகும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ராத்திரி அவருக்கு முதுகைப் புரட்டிப்போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. இடது பக்கமாகப் புரட்டினால் வலிக்கும். அதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

ஓக்சிம்


ஹ்வாங்ஜி
பிப்ரவரி 25

அக்கா,

நீ இங்கே வந்துவிடு. குடியிருப்பில் ஒரு அறைதான், ஆனாலும் சமாளிக்கலாம். மிரானை நீ பார்த்துக்கொள்ளலாம். இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. நான் பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

தால்சு


சேம்கோல்
மார்ச் 4

தம்பி,

வரமாட்டேன். தப்புச் செய்தவள் தப்புச் செய்த வீட்டில்தான் இருக்க வேண்டும். உன் வீட்டில் எனக்கு என்ன வேலை? நீ எனக்குச் செய்த நன்மைக்குக் கணக்கே இல்லை, அவரைச் சுமந்து வந்தாய், மருந்து அனுப்பினாய், இப்போது கூரையும் தருகிறேன் என்கிறாய். நான் உன் குடும்பத்துக்கும் தீட்டைக் கொண்டுவர வேண்டுமா?

அவருடைய உடைகளைத் துவைத்து மடித்து வைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஓக்சிம்


ஹ்வாங்ஜி
மார்ச் 18

அக்கா,

இந்தக் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக்காட்டு. கடைசி வரை படி. நடுவில் நிறுத்தாதே.

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். சுனிம் அதையும், பெட்டியிலிருந்த உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்திருக்கிறாள். நான் வீடு வந்து முகம் கழுவும் வரை காத்திருந்தாள். பிறகு துண்டைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆகஸ்டுல எனக்கு என்ன குடுத்தீங்க?"

"தொராஜி வேரு. இருமலுக்குப் போடுவாங்களே, அது."

"மலையடிவாரத்துல பொறந்தவ நான். தொராஜிக்கும் ஜின்செங்குக்கும் ருசி தெரியாதா எனக்கு? வாயில போட்ட உடனே தெரிஞ்சுது. அதுவும் தோட்டத்து வேர் இல்ல, காட்டு வேர். நீங்க வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. மென்னு முழுங்கிட்டேன். எனக்குச் சாக இஷ்டமில்ல. ஆனா அண்ணி எனக்காகக் கோழி அறுத்துட்டு அங்க பனியில தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க. இப்பவாவது வாயத் தொறங்க."

அதனால் திறக்கிறேன்.

அன்று மூடுபனி இல்லை. எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. பழைய ஓக் மரத்தின் அடியில் பெரணிச் செடிகளுக்கு நடுவில் அது நின்றது. நாலு கிளை, உச்சியில் சிவப்புப் பழக்கொத்து. அவ்வளவு சிவப்பை நீ பார்த்திருக்க மாட்டாய். கத்த வாயைத் திறந்தேன், அக்கா. சத்தியமாகத் திறந்தேன். கத்தினால் அது எல்லாருடைய வேர். மச்சானின் குழுவில் யார் கண்டாலும் எல்லாருக்கும் சமபங்கு, விற்றுத்தான் பங்கு பிரியும். இன்ஜேக்குப் போய், அங்கிருந்து சியோலுக்குப் போய், யாரோ ஒரு பணக்காரக் கிழவன் வாய்க்குள் போகும். சுனிம் உதடு எனக்கு முன்னால் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து மச்சான் தட்டினார். என்னடா, ஏதாவது உண்டா என்று கேட்கிற தட்டு. அவர் தட்டும் விதம் எனக்குத் தெரியும், சோம்பேறித்தனமாக ஒன்று, வேகமாக ஒன்று. நான் தடியை எடுத்து ஓக் மரத்தில் பதில் தட்டினேன். ஒன்றும் இல்லை, மேலே போகலாம். அந்த வேர் என் காலடியில் இருக்க, அதன் மேல் நிழல் தந்த மரத்திலேயே தட்டினேன்.

மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு மயிரிழை அறாமல் எடுக்க வேண்டிய வேரை, திருடன் பிடுங்குவது போல் பிடுங்கினேன். ஒரு வால் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்டது. பழத்தைத் திரும்ப விதைக்கக்கூட இல்லை. பாசியில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தபோது பாறை உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

நான் கத்தியிருந்தால் அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் நின்றுகொண்டிருந்த இடம் நல்ல மண், புல் மேடு. நான் தோண்டி முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்து புகை பிடித்திருப்பார். இதுதான் நடந்தது, அக்கா. நீ கேட்டாயே, எங்கே அந்த நாள் திரும்பியிருக்கும் என்று. அங்கேதான்.

அவரை முதுகில் சுமந்து இறங்கும்போது அவர் கை என் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் தொங்கியது. சட்டைக்குள் வேர் இருந்த இடத்தின் மேல் அந்தக் கை மோதிக்கொண்டே வந்தது. "மெதுவா போடா, உனக்கு மூச்சு வாங்குது" என்று அவர் சொன்னார். எனக்காக இரக்கப்பட்டார். வீட்டு முற்றத்தில் நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஊர் என்னை மெச்சியது. அப்போது சொல்லியிருக்கலாம். நீ கோழியைப் பற்றி எழுதியபோது சொல்லியிருக்கலாம். உன்னை ஊர் ஒதுக்கியபோது, அவர் உன் கையால் தின்ன மறுத்தபோது, ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து வேறு எதையோ எழுதினேன். மலையில் ஒரு தரம் வாயை மூடினேன். அதற்குப் பிறகு உன் முன்னால் எத்தனை தரம் மூடினேன் என்று உனக்கே தெரியும்.

நான் வருத்தப்படுகிறேன் என்று எழுத நினைத்தேன். அடுப்படியில் சுனிம் பாடுகிறாள், மிரான் சிரிக்கிறாள். அந்த வேரைத் தின்னாவிட்டால் இந்தச் சத்தம் இருக்காது. இதைக் கேட்டுக்கொண்டே முழுசாக வருத்தப்பட எனக்கு வரவில்லை, அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

மச்சானிடம் அப்போதே கேட்டிருக்கலாம். என்னை அடித்துவிட்டாவது கொடுத்திருப்பார். அதுவும் என்னைத் தின்கிறது.

நீ அறுத்த கோழியால் ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தள்ளியது நான்.

தால்சு


சேம்கோல்
ஏப்ரல் 8

தால்சு,

படித்துக்காட்டச் சொன்னாய், படித்தேன். முதல் நாள் முடியவில்லை. "பாறை உருளும் சத்தம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். கடிதத்தை அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். அவர், "வை அத" என்றார். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. மறுநாள் முழுதும் படித்தேன்.

முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ எழுதிய முதல் கடிதத்திலேயே "கோழிக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டாய். தம்பி எவ்வளவு ஆறுதலாக எழுதுகிறான் என்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைக்குப் போனேன். நீ எனக்கு உண்மையைத்தான் எழுதியிருக்கிறாய், உனக்கு வலிக்காத பாதியை மட்டும். நான் குளிர்காலம் முழுக்கப் பனியை உடைத்துக் கும்பிட்டேன், ஒரு கோழிக்காக. உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் தேடாதே. இல்லை. இருக்கும்போது எழுதுகிறேன்.

சுனிம் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாழ ஆசைப்பட்டாள். அவளிடம் அப்படியே சொல்லு.

உன் மச்சான் சொன்னதையும் எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். கடிதம் முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நெனைக்கிறான். குடுத்திருக்க மாட்டேன். முறைன்னா முறைதான். அவன் பொண்டாட்டி செத்திருந்தாலும் பங்குதான் போட்டிருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா கத்தியிருந்தா உக்காந்திருப்பேன்" என்றார்.

இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. உன் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ அறுத்தது எந்தக் கோழி?"

"பழுப்புக் கோழி."

"முட்டை போட்டுக்கிட்டு இருந்ததே, அதா?"

"ஆமா."

"அநியாயம்டி. அந்தக் கொண்டைச் சேவல அறுத்திருக்கலாம், அது தினமும் என்னை எழுப்பித் தொலைச்சுது" என்றார். பிறகு, "பசிக்குது" என்றார். சோறு போட்டுக் கொண்டுவந்தேன். என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு" என்றார். நான் அடுக்களைக்குப் போய், உன் பொட்டலத்தில் தலையை இடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹோங்சொனிலுள்ள தன் அக்காவுக்கு அவரே சொல்லி எழுத வைத்தார், வரவேண்டாம் என்று. காரணம் எழுதவில்லை. அந்தக் காரணம் உன்னுடையது, உன் வாயாலேயே வர வேண்டும் என்கிறார். ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது. நான் கிணற்றுக்குப் போனால் இன்னும் குடங்கள் நகர்கின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. உனக்காக இல்லை, அவர் சொன்னதற்காக.

இந்த மாதக் கடைசியில் மலைப் பூசை. சுனிமையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. பூசை நடக்கும் பெரிய ஓக் மரத்தடியில் ஊர் முழுக்க நிற்கும், நானும் நிற்பேன், யார் வேண்டாம் என்றாலும். அங்கே எல்லார் முன்னாலும் நின்று, அன்றைக்கு நீ கத்தாமல் விட்டதைக் கத்து. மூன்று முறை, நெஞ்சிலிருந்து. உன் குரலைக் கேட்டால் இருந்த இடத்தில் அத்தனை பேரும் உட்கார வேண்டும், அதுதான் முறை. யோங்பே உட்காருவான், அவன் பெண்டாட்டி உட்காருவாள், நானும் உட்காருவேன், சேறாக இருந்தாலும்.

உன் மச்சானைப் பலகையில் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைப்போம். அவரை யாரும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்காது.

ஓக்சிம்